காத்து வால்வும் டிரைவர் சூசையும்

வாரத்துக்கு ஒருத்தனாவது வந்துர்றான். வாசல்ல காரை நிறுத்திட்டு, "அண்ணாச்சி, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா புஸ்ஸுன்னு சத்தம் வரணும், அதுக்கு ஒரு வால்வு இருக்காம்ல, மாட்டித் தருவீங்களா"ன்னு கேக்கான். நான் மில்லு கராஜை விட்டு ரிட்டயர் ஆகி எத்தனையோ வருசம் ஆச்சு. முட்டி மடங்க மாட்டேங்குது, ஒரு கண்ணுல ஆபரேசன் பண்ணியாச்சு. ஆனா ராஜபாளையத்துல அந்த வால்வுல மொதல்ல கை வச்சவன் நான்தான்னு எவனோ கெளப்பி விட்டிருக்கான். இப்ப வார காருல பாதிக்கு டர்போ இருக்கு. கம்பெனிக்காரன் காத்தைச் சத்தமில்லாம உள்ளேயே திருப்பி விடுற மாதிரி ஒழுங்காத்தான் செஞ்சு அனுப்புறான். அதைப் பிடுங்கிப் போட்டுட்டு ஊருக்கே கேக்கணும்னு இவனுகளுக்கு ஆசை. முடியாதுன்னா செல்போன்ல படம் காட்டி எனக்கே பாடம் எடுக்கானுக. போன வாரம் வந்தவன் போறப்ப, "உங்க அனுபவத்தை எழுதி வைங்க அண்ணாச்சி"ன்னு வேற சொல்லிட்டுப் போனான். எழுதுதேன். படிச்சிட்டு அந்த வால்வைப் பத்திக் கேட்டு என் வாசல்ல வந்து நிக்காம இருந்தாச் சரி.

தொழில் படிச்சது ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு லாரிப் பட்டறையில. அஞ்சு வருசம் கிரீஸ்லயும் திட்டுலயும் போச்சு, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. எண்பதுகளோட தொடக்கத்துல ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லு கராஜுல சேர்ந்தேன். பஞ்சு லாரி, ஆளுகளை ஏத்துற வேன், மொதலாளி வீட்டுக் காருக, அம்புட்டையும் நாங்க மூணு மெக்கானிக்கு பாக்கணும். எங்களுக்கு மேல போர்மேன் கந்தசாமி.

அவரு பட்டாளத்துல வண்டி ரிப்பேர் பாத்துட்டு வந்தவரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தெனமும் பஸ்ஸுல வந்து எறங்குவாரு. சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது. எந்த வண்டி வந்தாலும் மூணு கேள்வி கேட்டு அட்டையில எழுதின பொறவுதான் ஸ்பேனரைத் தொட விடுவாரு. எப்பருந்து இப்படி இருக்கு? எந்த நேரத்துல இப்படி ஆகுது? கடைசியா தொட்டது யாரு? இந்த மூணுதான். ஒருக்க பஞ்சு லாரி ஒண்ணு மில்லு கேட்டை அடைச்சுக்கிட்டு நின்னு போச்சு. ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது. பின்னால வண்டி வரிசையா நின்னு ஹாரன் அடிக்கானுக. இவரு பேனா மூடியை மெதுவாக் கழட்டி, டிரைவரை நிக்க வச்சு மூணு கேள்வியும் கேட்டாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. கடைசியில பாத்தா, மொத நாள் வண்டி கழுவின கிளீனர் எஞ்சினுக்குக் காத்து போற குழாயில தண்ணி போகாம இருக்கக் கழிவுப் பஞ்சை அடைச்சு வச்சிட்டு எடுக்க மறந்திருக்கான். மூணாவது கேள்வியிலதான் அது வெளிய வந்துச்சு. அவரு சொன்னது சரியாப் போனா எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கும், ஏன்னா அதுக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அட்டையை மடிச்சு வச்சிட்டு டீ குடிக்கப் போயிருவாரு.

அவருகிட்ட இன்னும் ரெண்டு சட்டம் உண்டு. முறுக்கின ஒவ்வொரு நட்டுலயும், நட்டும் போல்ட்டும் சேர்ற எடத்துல செவப்புப் பெயிண்ட்ல ஒரு கோடு போடணும். கோடு விலகியிருந்தா நமக்குப் பொறவு எவனோ கை வச்சிருக்கான்னு அர்த்தம். இன்னொண்ணு, ஸ்பேர் கெடைக்காத சாமானைத் திறக்கப்படாது. முன்ன ஒரு வெளிநாட்டுக் காரோட பம்பை ஒருத்தன் அவசரப்பட்டுப் பிரிச்சு, உள்ள இருந்த சின்ன வளையம் தெறிச்சு எங்கயோ போயிருச்சு. மெட்ராஸ் வரைக்கும் தேடியும் கெடைக்கல. மூணு மாசம் அந்தக் காரு செட்டுலயே தூசி பிடிச்சு நின்னுச்சு. அதுல இருந்து வந்த சட்டம் அது.

தொண்ணூறுகளோட தொடக்கத்துல சின்ன மொதலாளி பம்பாய்க்குப் போயி ஒரு ஜப்பான் காரு வாங்கிட்டு வந்தாரு. எங்க ஊர்ல டர்போ போட்ட பெட்ரோல் காரு அதுதான் மொதல்ல. டர்போன்னா பெரிய வித்தை ஒண்ணுமில்ல. சைலன்சர் வழியா வீணாப் போற பொகையை வச்சு ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்த விட்டா, அந்தச் சுத்துல இன்னொரு காத்தாடி எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளும். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். ஆனா ஓட்டுறவன் திடீர்னு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, எஞ்சினுக்குள்ள போற வாசல் மூடிக்கிடும். வந்துக்கிட்டிருக்க காத்து போக எடமில்லாம திரும்பி வந்து காத்தாடியையே அடிக்கும். பொறா செறகடிக்கிற மாதிரி படபடன்னு சத்தம் கேக்கும். அப்படியே விட்டா கொஞ்ச நாள்ல டர்போ காலி. அந்த நேரத்துல காத்தை வெளிய விடத்தான் வால்வு.

காரோட வந்த வால்வு நல்லாத்தான் இருந்துச்சு. சின்ன மொதலாளிக்கு அது ஆகல, சத்தம் வரலையாம். பம்பாய்ல இருக்க சிநேகிதன் மூலமா பளபளன்னு ஒரு அலுமினிய வால்வு வரவழைச்சு மாட்டச் சொன்னாரு. காத்தை வெளிய விட்டா எஞ்சினுக்கு வார பெட்ரோலும் காத்தும் பொருந்தாது, வண்டி தடுமாறும்னு போர்மேன் சொல்லிப் பாத்தாரு. சின்ன மொதலாளி "சரே, சரே"ன்னு தெலுங்குல தலையாட்டிட்டு, "நாளைக்குள்ள மாட்டிருங்க"ன்னு போயிட்டாரு. மாட்டினோம். வேறென்ன செய்ய.

அந்தச் சாமான் உள்ளங்கை அகலம் இருக்கும். உள்ள ஒரு பிஸ்டன், அதுக்கு மேல ஒரு ஸ்பிரிங். மூடிக்கு நடுவுல ஒரு ஸ்குரு, அது கழண்டு வராம இருக்க ஒரு நட்டு. மூடிக்குக் கீழ சுத்தி வரச் சின்னச் சின்னச் சந்து, அது வழியாத்தான் காத்து வெளிய வரும். ஸ்குருவை உள்ள திருகினா ஸ்பிரிங் இறுகி வால்வு திறக்காது. காத்தாடி அடி வாங்கும். வெளிய திருகினா தொட்டதுக்கெல்லாம் திறந்துக்கிடும், வண்டி இழுக்காது, சும்மா நிக்கையில ஏறி எறங்கி ஆஃப் ஆயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அது கண்ணால பாத்தா தெரியாது. எஞ்சினை நல்லாச் சூடாக்கிட்டு, மேல வார ரப்பர் குழாயில கீறல் இருக்கான்னு விரலால தடவிப் பாத்துட்டு, நட்டைத் தளத்தி ஸ்குருவைக் கால் சுத்து கால் சுத்தா திருகணும். சும்மா ஓடுறப்ப சந்துப் பக்கம் உள்ளங்கையை வச்சா ஒண்ணும் தெரியப்படாது. ஆக்சிலேட்டரை மிதிச்சு ரைஸ் பண்ணி விட்ட ஒடனே ஒரே மூச்சா காத்து கையில மோதணும். பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்து நட்டை இறுக்கணும். ஒரு நா வேலை. சரியா வச்சுட்டேன். சின்ன மொதலாளி மில்லு கேட்டுக்குள்ள நொழையும்போதெல்லாம் புஸ்ஸு. வாட்ச்மேன் ஒவ்வொரு தரமும் துள்ளி விழுவாரு.

அந்தக் காருக்கு டிரைவர் சூசை. மம்சாபுரத்துக்காரன், என்னை விட ஒண்ணு ரெண்டு வயசு எளையவன். அதுக்கு முன்ன பத்து வருசம் லாரி ஓட்டினவன். கண்ணாடியில ஜெபமாலை தொங்கும், வண்டியை அவனை மாதிரித் தொடைச்சு வைக்க ஆளு கெடையாது. ஆனா லாரிக்காரன் காத்து எறங்குற சத்தம் கேட்டா ஒடனே வண்டியை ஓரங்கட்டிருவான், ஏன்னா அங்க காத்துதான் பிரேக்கு. மாட்டின மறு வாரமே, காலை எடுத்தா கார் படபடங்குதுன்னு வந்து நின்னான். பாத்தா ஸ்குரு ரெண்டு சுத்து உள்ள போயிருக்கு. கேட்டேன். சத்தம் கேட்டா பயமா இருந்துச்சு, காத்து ஒழுகுதுன்னு நெனச்சு இறுக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டான். எனக்கு வந்துச்சே ஒரு கோவம். ஒரு நா பூரா உள்ளங்கை சுட வேலை பாத்ததை, ஒரு ஸ்குரு டிரைவரை வச்சு அரை நிமிசத்துல கெடுத்துட்டான். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு, மாதா மேல ஆணையா இனிமே தொட மாட்டேன்னான்.

நான் நம்பல. செவப்புக் கோடு போட்டுரலாம்னு பெயிண்ட் டப்பாவை எடுத்தா, சின்ன மொதலாளி பாத்துட்டாரு. "அம்புட்டு அழகான சாமான்ல பெயிண்ட் பூசுதீங்களே"ன்னு சத்தம் போட்டாரு. அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. எங்க கராஜுல வெள்ளிக்கிழமை பூசை உண்டு. வேலை முடிஞ்சு வெளிய போற வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு அனுப்புறதும் வழக்கம். சந்தனத்தை எந்த மொதலாளியும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. பெயிண்டுக் கோட்டுக்குப் பதிலா சந்தனம்! நட்டையும் ஸ்குருவையும் சேர்த்து மேல ஒரு பொட்டு. மூடியைத் தொட்டாலும் தெரியட்டும்னு பக்கவாட்டுல மூணு விரலால ஒரு இழுப்பு. பொட்டு கலைஞ்சிருந்தா சூசை கை வச்சிருக்கான். சாமிக்குச் சாமியும் ஆச்சு, முத்திரைக்கு முத்திரையும் ஆச்சுன்னு எனக்கு ஒரே பெருமை.

அதுக்குப் பொறவு அந்தக் காரு என்னை மனுசனா இருக்க விடல. பத்து நா ஓடும், படபடன்னு வந்து நிக்கும். ஸ்குருவைக் கால் சுத்து வெளிய திருகுவேன், சரியாகும், பொட்டு வைப்பேன். அடுத்த வாரம் இழுக்க மாட்டேங்குது, சும்மா நின்னா ஆஃப் ஆகுதுன்னு வரும். உள்ள திருகுவேன், பொட்டு வைப்பேன். திரும்பப் படபட. எந்நேரமும் அதே காரு, அதே வால்வு. மத்த ரெண்டு மெக்கானிக்கும் என்னைப் பாத்து வாய்க்குள்ள சிரிக்கானுக. வீட்டுல சோறு எறங்கல. பிரிச்சுப் பாக்கலாம்னா, ஸ்பேர் கெடையாது, திறக்கப்படாதுன்னு போர்மேன் சட்டம். அந்தச் சட்டம் எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. ஏன்னா காரணம் எனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் பொட்டு கலைஞ்சிருக்கு. பாதி தொடைச்சிருக்கு, சில சமயம் முழுசாவே இல்ல.

ஒருக்க காரை எடுக்க வந்த சூசை பக்கத்துல வந்து நின்னான். நான் சந்தனத்தைக் கொழப்பிக்கிட்டு இருந்தேன்.

"அண்ணாச்சி, அதுல மட்டும் வைக்காதீங்க. வேற எங்கயாவது வைங்க. அது உள்ள..."

நான் முடிக்க விடல. "ஏன், சாமிக்கு வைக்கிறது உனக்கு உறுத்துதோ?"ன்னு கேட்டேன்.

கராஜுல எல்லாரும் கேக்கும்படிதான் கேட்டேன். அவன் மொகம் சுருங்கிப் போச்சு. சாவியை எடுக்கப் போனான். அன்னைக்கு வழக்கத்தை விடத் தாராளமா ரெண்டு இழுப்பு இழுத்து விட்டேன். இதை எழுதையில எனக்கே என் மேல வெறுப்பா இருக்கு. ஆனா அப்படித்தான் நடந்துச்சு.

அடுத்த தடவை காரு வந்தப்போ பொட்டு சுத்தமாத் தொடைச்சிருந்துச்சு. வால்வுல மண்ணெண்ணெய் வாடை. போதும்னு ஆயிருச்சு எனக்கு. போர்மேன் அட்டையை எடுத்து மூணு கேள்வி கேட்டாரு. எப்பருந்து, மாட்டின நாள்ல இருந்து. எந்த நேரத்துல, எப்பவும். கடைசியா தொட்டது யாரு? டிரைவர் சூசைன்னு சொன்னேன். அவரு பேனாவைப் பிடிச்சபடி என்னையே பாத்தாரு. "தெரியுமா, நெனைக்கியா?"ன்னாரு. தெரியும்னேன். எழுதினாரு. கீழ நானும் கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டாரு.

அட்டையைக் கொண்டுபோயி சின்ன மொதலாளி வீட்டு போர்டிகோவுல வச்சே சொன்னேன். மத்த டிரைவருகளும் நின்னானுக. சாமான்ல கை வைக்கிற ஆளு அந்த வண்டிக்கு ஆகாது சார்னேன். சூசை, நான் தொடைக்கத்தான் செஞ்சேன், திருகலன்னு ஒரே ஒரு தடவை சொன்னான். எதுக்குத் தொடைச்சான்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. சின்ன மொதலாளி கையை நீட்டினாரு, இவன் சாவியைக் குடுத்துட்டு, கண்ணாடியில இருந்த ஜெபமாலையைக் கழட்டிக்கிட்டு நடந்தே போயிட்டான்.

ராஜபாளையம் பெரிய ஊரு மாதிரித் தெரியும். டிரைவர் விசயத்துல அது ஒரே தெரு. சாமான்ல கை வைக்கிறவன்னு பேரு வந்துட்டா ஒரு வீட்டுலயும் ஸ்டீரிங் குடுக்க மாட்டாவ. ரெண்டு மாசம் கழிச்சு சூசை மில்லு கேட்டுல வந்து நின்னான். கிருஷ்ணன்கோவில் பக்கம் இருக்க இஞ்சினியரிங் காலேஜுல பஸ்ஸு ஓட்ட ஆளு எடுக்காவளாம், முன்ன வேலை பாத்த எடத்துல இருந்து நல்லபடியா நடந்துக்கிட்டான்னு ஒரு கடுதாசி கேக்காவளாம். ஆபீஸ்ல குடுக்க முடியாதுன்னுட்டாங்க. மறு வாரமும் வந்தான். அன்னைக்கும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. நான் கராஜுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய போகல. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டேன்.

சூசை போனா காரு சரியாகணும்ல? அதுதான் இல்ல. முன்ன பத்து நாளைக்கு ஒருக்க வந்தது, இப்ப நாலு நாளைக்கு ஒருக்க வந்துச்சு. புது டிரைவர் ஒருத்தன் ஒரு மாசத்துல ஓடிப் போனான். பொறவு சின்ன மொதலாளியே ஓட்டினாரு, பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது அவருக்கு. பொட்டு வச்சது வச்சபடி அப்படியே இருக்கு, ஒரு கீறல் இல்ல. ஆனா காரு வந்து நிக்கி. ஸ்குரு தேஞ்சு போச்சுன்னேன், ஸ்பிரிங் தளந்து போச்சுன்னேன், பம்பாய்க்காரன் ஏமாத்திட்டான்னேன். அந்த வால்வைப் பிடுங்கிக் கெணத்துல எறியலாம்னு தோணும். எவன் மேலயாவது பழியைப் போடணும், ஆனா போட ஆளில்ல.

புரட்டாசி சனிக்கிழமை ஒண்ணுல சின்ன மொதலாளி அவிய அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துலயே இருக்க மலைக்கோயில் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பாக்கப் பொறப்பட்டாரு. வழியில நின்னுட்டா என்ன செய்யன்னு என்னையும் முன் சீட்டுல ஏத்திக்கிட்டாரு. விசேச நாளாச்சேன்னு காலையில வால்வுக்குக் கெட்டியாச் சந்தனம் வச்சிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரு மாதிரி ஓடுச்சு. மலையடிவாரத்துல சனங்க ரோட்டை நெறச்சுக்கிட்டுப் போகுது. சரிவுல எறங்கையில சின்ன மொதலாளி காலை எடுத்தாரு. படபடன்னுச்சு, ஒரு குலுக்கு, எஞ்சின் ஆஃப். எஞ்சின் ஓடலன்னா அந்தக் காருக்குப் பிரேக்கு கல்லு மாதிரி ஆயிரும். ரெண்டு மிதி மிதிச்சாரு, மூணாவது மிதி எறங்கல. காரு பாட்டுக்கு உருளுது. முன்னால துளசி மாலை விக்கிற அம்மா ஒருத்தி கூடையை வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. நான் கைப்பிரேக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். அவ எந்திரிச்சு ஒதுங்கிட்டா, கூடை பம்பருக்கு அடியில போயிருச்சு.

"காரு வச்சிருக்கவனுக்குக் கண்ணு வேண்டாமாய்யா"ன்னு அந்தம்மா ரொம்ப மெதுவாத்தான் கேட்டுச்சு.

துளசிக்கு உண்டானதைக் குடுத்துட்டு, அவிய அம்மாவைக் கூட்டிக்கிட்டு சின்ன மொதலாளி படியேறிப் போயிட்டாரு. நான் காரை ஓரத்துல தள்ளி பானெட்டைத் திறந்தேன். வேட்டி நனையிற அளவுக்கு வேர்த்திருக்கு. சட்டமாவது ஒண்ணாவதுன்னு முடிவு பண்ணி, மூடியைத் திருகிக் கழட்டினேன். எந்த வளையமும் தெறிக்கல. பிஸ்டன் வெளிய வர மாட்டேங்குது. ஸ்குரு டிரைவரால நெம்பி எடுத்தேன். பிஸ்டனைச் சுத்தி மஞ்சளும் பழுப்புமா ஒரு பசை, எஞ்சின் எண்ணெய்ல ஊறி, சூட்டுல வெந்து, அப்பளம் மாதிரி காஞ்சு ஒட்டியிருக்கு. சந்து சந்தாச் சுத்திலும் அதேதான். நகத்தால சொரண்டி மூக்குக்கிட்ட கொண்டு போனேன்.

சந்தனம்.

மொதல்ல எனக்கு வந்த நெனப்பு என்னன்னா, எவன் வச்சான் இதைன்னுதான். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். பொறவு என் வெரலைப் பாத்தேன். காலையில வச்ச சந்தனம் நகக்கண்ணுல அப்படியே இருக்கு. மூணு விரலால இழுத்ததெல்லாம் சந்து வழியா உள்ள போயிருக்கு. ரிப்பேர் பாத்துட்டு வச்ச பொட்டுதான் அடுத்த ரிப்பேர். அதைத் தொடைச்சுத் தொடைச்சு அம்புட்டு நா வண்டியை ஓட வச்சவன் சூசை. அவன் தொடைச்சப்போ வால்வு திறந்துக்கிடும், நான் ஏற்கெனவே வெளிய திருகி வச்ச ஸ்குருவால இழுக்காம ஆஃப் ஆகும். அவன் போன பொறவு தொடைக்க ஆளில்ல, அதான் நாலு நாளைக்கு ஒருக்க. அந்த ரோட்டோரத்துல தலையில அடிச்சுக்கிட்டேன். போற சனம் பெருமாளைக் கும்பிடுதேன்னு நெனச்சிருக்கும்.

பெட்ரோல்ல கழுவி மாட்டினேன். பஞ்சு மாதிரி ஓடுச்சு காரு. சாமி கும்பிட்டு எறங்கி வந்த சின்ன மொதலாளி, என்ன பண்ணினேன்னு கேட்டாரு.

"கார்பன் சார். கார்பன் அடைச்சிருந்துச்சு."

வாய் தானா சொல்லிருச்சு. ராஜபாளையம் வார வரைக்கும் அவரு சந்தோசமாப் புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டுக்கிட்டே வந்தாரு. ஒவ்வொரு புஸ்ஸுக்கும் எனக்கு நெஞ்சுல குத்துச்சு. சூசை ஊருக்குப் பிரியிற மம்சாபுரம் விலக்கு வந்தப்போ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல.

திங்கக்கிழமை போர்மேன் அட்டையை நீட்டினாரு. அவருகிட்டயும் கார்பன்னு சொல்லிரலாம்னுதான் போனேன். அவரு மூணு கேள்வியும் கேக்கல, எழுதுன்னு மட்டும் சொன்னாரு. காரணம்ங்கிற எடத்துல சந்தனம்னு எழுதினேன். வாங்கிப் படிச்சாரு.

"சந்தனம் தானா நடந்து போயி ஒட்டிக்கிச்சா?"

கடைசியா தொட்டது ராமசுப்புன்னு என் பேரை எழுதினேன். அவரு எந்திரிச்சுப் போயி பழைய அட்டைக் கட்டைப் பிரிச்சு, சூசை பேரு இருந்த அட்டையைத் தேடி எடுத்து வந்து பக்கத்துல வச்சாரு. நான் திட்டுவாருன்னு காத்துக்கிட்டு நின்னேன். திட்டியிருந்தாத் தேவலாம்.

"நீ தெரியும்னே. நானும் கையெழுத்துப் போட்டேன். வா, ரெண்டு பேருமாப் போவோம்"னாரு.

அதே போர்டிகோ. அதே மாதிரி டிரைவருக நின்னானுக. ஆளில்லாத நேரமாப் பாத்துப் போவோம்னு நான் சொன்னதுக்குப் போர்மேன் காது குடுக்கல. சொன்னேன், முழுசாச் சொன்னேன், கார்பன்னு பொய் சொன்னதையும் சேர்த்து. என்னையும் வெளிய அனுப்புவாருன்னுதான் நெனச்சேன், அதுக்குத் தயாராத்தான் போயிருந்தேன். சின்ன மொதலாளி சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வார வரைக்கும் சிரிச்சாரு. "சந்தனமா! சந்தனமாய்யா!"ன்னு உள்ள போயி அவிய அம்மாகிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. போர்மேன் அந்தக் கடுதாசியைப் பத்திச் சொன்னாரு. சின்ன மொதலாளி ஒடனே ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு, வேணும்னா அவனையே திரும்ப வரச் சொல்லுன்னுட்டாரு. ஒரு காப்பி ஆறுற நேரம்தான் ஆச்சு அம்புட்டுக்கும். ஒருத்தன் பொழப்பை நாங்க அஞ்சு மாசம் அடைச்சு வச்சிருந்தோம். அவருக்கு அது ஒரு கதை. எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு, ஆனா கோவப்பட நான் யாரு?

கடுதாசியை வாங்கிக்கிட்டு மத்தியானமே மம்சாபுரம் போனேன். தென்னந்தோப்பு ஒண்ணுல சூசை கூலிக்குத் தேங்காய் உரிச்சுக்கிட்டு இருந்தான். மண்ணுல நட்ட இரும்புப் பாரை, ரெண்டு பக்கமும் மட்டை மலை மாதிரிக் கெடக்கு. ஸ்டீரிங் பிடிச்ச கை, உள்ளங்கை பூராக் கொப்புளம். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, வாங்க அண்ணாச்சின்னான். அந்த மரியாதை வேற என்னைக் கொன்னுச்சு. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். தப்பு என்னுதுன்னேன். கையை வேட்டியில தொடைச்சுட்டு கடுதாசியை வாங்கி ரெண்டு தடவை படிச்சான். மடிச்சுப் பைக்குள்ள வச்சான்.

"அந்த பஸ்ஸுக்கு ஆளு போட்டுட்டாங்க அண்ணாச்சி. அடுத்த வருசம் கேக்கலாம்னு சொன்னாங்க. இருக்கட்டும், ஒதவும்."

அடுத்த வருசம் அவனுக்கு அந்த வேலை கெடைச்சுது. ரிட்டயர் ஆகுற வரைக்கும் காலேஜ் பஸ்ஸுதான் ஓட்டினான். அது அவன் கைக்குக் கெடைச்சது, என் கடுதாசிக்கு இல்ல. ஆனா அன்னைக்கு எனக்கு அது தெரியாதே. ஒரு வருசம் இவன் தேங்காய் உரிக்கணுமாங்கிற தவிப்புல, சின்ன மொதலாளி திரும்ப எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாரு, நாளைக்கே வந்து சாவியை வாங்கிக்கோன்னு கெஞ்சினேன். வால்வையும் கழட்டிட்டு பழசையே மாட்டிருதேன்னேன். சந்தனம் தொடவே மாட்டேன்னேன்.

அவன் குனிஞ்சு ஒரு தேங்காயை எடுத்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி. அங்க வந்தா, வண்டியில எதையாவது பாப்பேன். பாத்தா ஒங்ககிட்டதான் சொல்லணும். நீங்க கேக்க மாட்டீக."

சொல்லிட்டு, தேங்காயைப் பாரையில குத்தி ஒரு திருகு திருகினான். மட்டை தனியா வந்துச்சு. நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.